தனித் தட்டு: ஹெபடைட்டிஸ் சி தொற்றும் ஒரு விசைத்தறிக் குடும்பமும் – நிகழ்வு ஆய்வு

பல்லடம் வட்டாரத்தில் எட்டு விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டும் குடும்பத்தைச் சேர்ந்த 47 வயதுப் பெண்மணி ஒருவர், 2023 ஆடி மாதத்தில் எங்கள் சிகிச்சை மையத்துக்கு வந்தார். அவர் கையில் இருந்தது நான்காக மடித்து, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த ஓர் ஆய்வகச் சீட்டு மட்டுமே. அதில் அச்சாகியிருந்த தேதி 2022 ஆவணி மாதத்தைச் சேர்ந்தது. இடைப்பட்ட பதினோரு மாதங்களும் அவர் சிகிச்சை இல்லாமல் இருந்ததற்கு மருந்துத் தட்டுப்பாடு காரணமாக இருக்கவில்லை. தேசிய வைரல் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின்கீழ், ஈரலைத் தாக்கும் வைரஸால் வரும் ஹெபடைட்டிஸ் சி தொற்றுக்கான பரிசோதனையும் மாத்திரையும் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. அவர் வீட்டிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் அடையக்கூடிய இடத்தில் மருந்து இருந்தது. அது இருக்கிறது என்று அவரிடம் சொல்ல ஆள் இல்லை. அந்த மாதங்களில் அவர் யார் யாரிடம் கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள், அச்சொற்களை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதை, மையத்தின் ஆலோசகர் என்ற நிலையில் இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய இசைவுடன் எழுதுகிறேன்; அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன.

சீட்டு கைக்கு வந்த விதம்

பெரும்பாட்டினால், அதாவது மாதவிடாயின்போது மிகுதியான இரத்தப்போக்கினால், நெடுநாள் அவதிப்பட்ட அவருக்குக் கர்ப்பப்பையை அகற்றுவது என முடிவாகி, அருகிலுள்ள நகரத்தின் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவைக்கு முன்னரான வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் எடுக்கப்பட்டன. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கும். முதல் இரண்டும் 'நான்-ரியாக்டிவ்' (தொற்றின் அடையாளம் இல்லை) என்றும், மூன்றாவது 'ரியாக்டிவ்' (அடையாளம் உண்டு) என்றும் வந்தன. அவரிடம் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: "இரத்தத்துல கிருமி இருக்குதும்மா, இங்க ஆபரேசன் பண்ண முடியாது, பெரிய ஆசுபத்திரிக்குப் போயிருங்க." எந்த மருத்துவமனை, அங்கே எந்தப் பிரிவு, எதற்காக என்று யாரும் சொல்லவில்லை. கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் ஏதோ எழுதப்பட்டதை மட்டும் அவர் பார்த்தார்.

இரத்தம் எடுத்த பிறகு தாழ்ந்த குரலில் சொல்லப்படும் 'கிருமி' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் எச்.ஐ.வி. என்று ஒரே பொருள்தான் உண்டு. அந்தச் சீட்டிலேயே, அதற்கு மேலே இரண்டு வரி தள்ளி, எச்.ஐ.வி. இல்லை என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்ட அரை நிமிடம் போதும். பதினோரு மாதங்களில் ஒருவர்கூட அதைச் செய்யவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

மருத்துவ நிலையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அங்கே எடுக்கப்பட்டது எதிர்ப்பொருள் சோதனை, அதாவது வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளைத் தேடும் சோதனை. வைரஸ் எப்போதோ ஒருமுறை உடலுக்குள் வந்திருக்கிறது என்பதையே அது காட்டும்; இப்போதும் இருக்கிறதா என்பதைக் காட்டாது. தொற்று ஏற்பட்டவர்களில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரை ஆறு மாதங்களுக்குள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தாமாகவே வைரஸை நீக்கிவிடுகிறார்கள். ஆனால் எதிர்ப்பொருள் அவர்கள் இரத்தத்திலும் தங்கிவிடும். ஆகவே இரண்டாவதாக, வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனை, அதாவது வழக்கில் 'வைரல் லோடு' எனப்படும் சோதனை, செய்தாக வேண்டும். அதிலும் வைரஸ் இருப்பது தெரிந்தால், அப்படியே விடுபவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் ஈரல் சுருக்கம் வரும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது சோதனை செய்ய வேண்டும் என்ற ஒரு குறிப்புக்கூட அவருக்குத் தரப்படவில்லை. அறுவையை மறுத்ததற்கும் மருத்துவ அடிப்படை இல்லை. எந்த நோயருக்கும் கடைப்பிடிக்க வேண்டிய பொதுவான பாதுகாப்பு முறைகளே இவருக்கும் போதுமானவை.

கேட்டலைந்த மாதங்கள்

முதலில் அவர் சொன்னது தம் நங்கையாளிடம், அதாவது அண்ணன் மனைவியிடம். ஈரல் சம்பந்தப்பட்டது என்று சீட்டைப் பார்த்த யாரோ சொல்லியிருந்ததால், நங்கையாள் அதை மஞ்சள் காமாலை என்றே எடுத்துக்கொண்டார். கண்ணில் மஞ்சள் இல்லை, சிறுநீரும் நிறம் மாறவில்லை. ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலும் அத்தகைய அறிகுறி எதுவும் காட்டாமலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பது இருவருக்கும் தெரியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விடியுமுன் எழுந்து, பச்சிலை மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போய், ஆட்டுப்பாலில் அரைத்துக் கலந்த கீழாநெல்லியைக் குடித்துவிட்டு வந்தார்கள். அதற்கு ஒரு மண்டலம் உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியம். ஏற்கெனவே இரத்தப்போக்கினால் சோர்ந்திருந்த உடம்பு அதில் மேலும் வாடிற்று. ஆயினும் நங்கையாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்ததைக் கொடுத்தார், மூன்று முறையும் கூடவே போனார். அந்தப் பதினோரு மாதங்களில் துணைக்கு என்று எழுந்து நடந்தவர் அவர் ஒருவரே.

மகனிடம் கிடைத்தது வேறு வகை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர், நோயின் பெயரைக் கைபேசியில் தட்டித் தேடினார். முதலில் வந்தவற்றில் ஒன்று, இந்நோய்க்கான மாத்திரையின் விலை 84,000 டாலர் என்று சொன்னது. ரூபாயில் கணக்குப் போட்டால் அரைக் கோடிக்கு மேல் போயிற்று. அந்தச் செய்தி பொய்யன்று என்பதே இதில் வருத்தத்துக்குரியது. சோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை 2013 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டபோது, ஒரு மாத்திரை 1,000 டாலர் வீதம், பன்னிரண்டு வாரத்துக்கான 84 மாத்திரைகளுக்கு அங்கே வைத்த விலை அதுதான். அடுத்த ஆண்டே இந்திய மருந்து நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டு, 2015 முதல் அந்த விலையின் மிகச் சிறு பங்குக்கு இங்கே விற்பனைக்கு வந்ததும், பிறகு அரசுத் திட்டத்தில் இலவசமாகவே சேர்ந்ததும் அந்தப் பக்கத்தில் இல்லை. பொய்த் தகவலைப் பற்றி நாம் அடிக்கடி எச்சரிக்கிறோம். வேறொரு நாட்டுக்கும் வேறோர் ஆண்டுக்கும் உரிய மெய்யான தகவல் ஒரு தறிக்காரர் வீட்டுக்குள் வந்து செய்யும் கேட்டைப் பற்றி நாம் பேசுவதில்லை.

அன்று இரவு மகன் தந்தையிடம் தொகையைச் சொன்னார். அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் உண்டு. "தோட்டத்த வித்து என்னையக் காப்பாத்த வேண்டாமுங்க" என்று அந்த அம்மையார் சொன்னாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. மருந்துக்கடையில் ஈரலுக்கு என்று கொடுத்த டானிக்கை இரண்டு மாதம் குடித்ததும் அந்த மௌனத்தின் நடுவில்தான்.

இதற்கிடையில் தமக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சோப்பு என்று அவரே ஒதுக்கிக்கொண்டார். யாரும் கேட்டு அவர் அப்படிச் செய்யவில்லை. இவற்றைவிடக் கனமானது அவர் மகளின் தலைப்பிரசவம். கோபிசெட்டிபாளையம் பக்கம் கட்டிக்கொடுத்த மகளை ஏழாம் மாதத்தில் சீர் செய்து அழைத்து வருவது வழக்கம். தறி வேலை மிகுதி, இரைச்சல் பிள்ளைக்கு ஆகாது என்று ஏதோ காரணம் சொல்லி, அவர் மகளை அழைத்து வரவில்லை. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதது அன்று. பேத்தியைத் தம் கையால் குளிப்பாட்டினால் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பினார். இந்த வைரஸ் இரத்தத்தின் வழியாகப் பரவுவது. சேர்ந்து உண்பதாலோ, தொடுவதாலோ, தூக்குவதாலோ, குளிப்பாட்டுவதாலோ பரவுவதே இல்லை. அந்த ஒரு வாக்கியம் சித்திரை மாதத்துக்கு முன் அவர் காதில் விழுந்திருந்தால், தாய் வீட்டுப் பிரசவம் என்ற ஒன்று அந்த மகளுக்குக் கிடைத்திருக்கும்.

தெரியாது என்று சொன்னவர்

மாமியாருக்கு இரத்தக் கொதிப்பு. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் அவருக்கு மாதந்தோறும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்பார். அதே ஊர்ப் பெண். 2023 ஆனியில் ஒரு நாள் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்த தனித் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, உங்களுக்கு மட்டும் எதுக்குங்க தனியாத் தட்டு?" என்று கேட்டார். பத்து மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது. உள்ளே அழைத்துப் போய் அம்மையார் சீட்டைக் காட்டினார்.

தன்னார்வலருக்கு இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் தெரியும். இந்த நோயைப் பற்றித் தெரியாது. "எனக்கு இது தெரியாதுங்க்கா. தெரிஞ்சவங்களக் கேட்டுட்டு வெள்ளிக்கெழம வர்றேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். சொன்ன வெள்ளிக்கிழமையே வந்தார். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் சொல்லாமல் கேட்டு, அவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டு, மையத்தின் இடமும் நாளும் தெரிந்துகொண்டு வந்திருந்தார். நங்கையாளிடம் துணை இருந்தது, தகவல் இல்லை. மகனிடம் தகவல் இருந்தது, ஆனால் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். தன்னார்வலரிடம் தொடக்கத்தில் தகவலும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, நாள் குறித்து, இரகசியம் காப்பதாக வாக்கும் கொடுத்தார். நோயர் வீட்டைவிட்டுக் கிளம்பியது அந்த வாக்கை நம்பித்தான் என்று அவரே என்னிடம் கூறினார்.

மையத்தில்

ஆர்.என்.ஏ. சோதனையில் வைரஸ் இருப்பது உறுதியாயிற்று. ஈரலின் நிலையை அறிய முதலில் பார்ப்பது இரண்டு எளிய எண்களை: ஏ.எஸ்.டி. என்ற நொதி 72, தட்டணுக்கள் 1,90,000. இவற்றைக் கொண்டு கணக்கிடும் ஏ.பி.ஆர்.ஐ. மதிப்பு 0.95 வந்தது, 2-க்கு மேற்பட்டால்தான் ஈரல் சுருக்கத்தை வலுவாக ஐயுற வேண்டும். வயிற்று ஸ்கேனிலும் சுருக்கத்துக்கான அடையாளம் இல்லை. ஹெபடைட்டிஸ் பி இல்லை என்பதை மீண்டும் உறுதி செய்தோம். அது மறைந்திருந்தால் சி-க்கான மாத்திரை எடுக்கும்போது கிளர்ந்தெழக்கூடும். ஹீமோகுளோபின் 8.6 மட்டுமே இருந்ததால், மகப்பேறு மருத்துவர் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தவும் இரும்புச் சத்துக்கும் மாத்திரைகள் எழுதினார்.

என் பங்கில் நேர்ந்த பிழையையும் எழுத வேண்டும். முதல் நாளன்று, நோயின் பெயர் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்ட கையேடு ஒன்றை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். அதைப் பேருந்து நிலையத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டுப் போனதாகப் பின்னர் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் எவரும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்காரக்கூடும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டாவது, கணவரைத்தான் முதலில் அழைத்துப் பேச வேண்டும் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். "அவருக்கு அப்பறம் சொல்லிக்கலாமுங்க, மொதல்ல எங்க அத்தைகிட்டச் சொல்லுங்க" என்றார் அவர். அடுக்களை மாமியார் கையில். அங்கே தட்டு சேர்ந்தால்தான் வீட்டில் மற்றவை சேரும் என்பதை அவர் அறிந்திருந்தார், நான் அறிந்திருக்கவில்லை. யாரிடம், எந்த வரிசையில் சொல்வது என்பதை நோயரே முடிவு செய்யட்டும் என்று அதன் பிறகு முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எழுபது வயதைக் கடந்த மாமியார் அடுத்த முறை வந்து, நான் சொன்னவற்றையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவ கையில சோறு வாங்கித் திங்கலாமுங்களா?" தாராளமாகச் சாப்பிடலாம் என்றேன். "அப்ப அந்தத் தட்ட எடுத்து உள்ள வெச்சிரு" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். வெளிப்படையாகச் செய்ய வேண்டிய சில ஏற்பாடுகளையும் அவரிடமே சொன்னேன். சவரக்கத்தி, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றைப் பகிர வேண்டாம். நாடா (ஊடை நூலை இழுத்து ஓடும் கட்டை) தெறித்தோ நூல் அறுத்தோ தறியில் கையில் காயம் பட்டால் உடனே கழுவிக் கட்டிவிட வேண்டும்; சிந்திய இரத்தத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைக்க வேண்டும்.

எப்படி வந்தது

இந்தக் கேள்வியை ஆலோசகர்கள் பலரும் ஒதுக்கிவிடுவார்கள். இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்பார்கள். நானும் அப்படிச் சொல்லி வந்தவன்தான். ஆனால் இந்த அம்மையார் மூன்று சந்திப்புகளிலும் இதையே கேட்டார். கணவர் ஒருமுறைகூட இதைக் கேட்காததையே ஐயத்தின் அடையாளமாக அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

1997-இல் மகள் பிறந்தபோது கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டு அவருக்கு இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இந்த வைரஸ் கண்டறியப்பட்டதே 1989-இல்தான். அதைக் கண்டறிந்ததற்கு வழிவகுத்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2020-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் தானமாகப் பெறும் இரத்தம் முழுவதையும் இந்த வைரசுக்காகச் சோதிப்பது 2000-களின் தொடக்கத்தில்தான் கட்டாயமாயிற்று. ஆகவே அந்த இரத்தம் ஒரு வழியாக இருந்திருக்கலாம். காய்ச்சலுக்கும் கைகால் வலிக்கும் ஊசி போட்டுக்கொண்டால்தான் தீரும் என்று நம்பிய காலத்தில், ஒரே ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் பலருக்கும் போட்ட இடங்கள் உண்டு. அதுவும் ஒரு வழியாக இருந்திருக்கலாம். இத்தனை ஆண்டுக்குப் பிறகு இதுதான் என்று யாராலும் அறுதியிட முடியாது. கணவன் மனைவி உறவினால் பரவுவது மிகவும் அரிது. இவற்றை ஒரு வெள்ளைத்தாளில், நோயின் பெயரை எழுதாமல், எளிய தமிழில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளைத்தான் அவர் கணவரிடம் காட்டினார். "உனக்கு மனசு நோகுமேன்னுதான் கேக்காம இருந்தேன்" என்று கணவர் சொன்னாராம்.

பன்னிரண்டு வாரங்களும் அதன் பின்னரும்

சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம் ஒன்று, டக்ளாட்டாஸ்விர் 60 மில்லிகிராம் ஒன்று. இரண்டையும் நாளொன்றுக்கு ஒருமுறை, 84 நாள். ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு மருந்துச் சேர்க்கையும் சில நேரங்களில் கால அளவும் மாறும். இம்மருந்துகளால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமடைகிறார்கள். வலிப்புக்கும் காசநோய்க்கும் இதயத் துடிப்புக்கும் தரும் சில மருந்துகள் இவற்றோடு ஒத்துப்போகாதவை. ஆகவே பச்சிலையும் வாயு மாத்திரையும் உட்பட, உட்கொள்ளும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினோம். அவருக்கு முதல் இரண்டு வாரம் தலைவலியும் அசதியும் இருந்தன, அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை வந்து மாத்திரை வாங்க ஒரு நாள் தறி வேலை கெடும். பாவு (தறியில் ஏற்றிய நீள நூல்) தீர்ந்து தறி எப்படியும் நிற்கும் நாளாகப் பார்த்து வரச் சொன்னோம். தன்னார்வலர் இருமுறை கூட வந்தார். முன்பே இங்கே குணமடைந்திருந்த, டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயர் ஒருவர், தம் ஊரையும் முழுப் பெயரையும் சொல்லாமல் தொலைபேசியில் பேச இசைந்தார். "மாத்திரை முடிஞ்சதும் முடிஞ்சதுன்னு விட்டுறாதீங்க்கா, மூணு மாசங்கழிச்சு ஒரு டெஸ்டு இருக்குது, அதுதானுங்க முக்கியம்" என்று அவர் சொன்னதை, நான் அதே செய்தியைச் சொன்னபோது காட்டாத கவனத்தோடு இவர் கேட்டுக்கொண்டார். பட்டவர் சொல்லுக்கு உள்ள எடை எங்கள் சொல்லுக்கு இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இவ்வாறு பேச முன்வருபவர்களின் இசைவைக் கேட்டு வைத்துக்கொள்வதை எல்லா மையங்களும் செய்யலாம்.

கணவருக்கும் மகனுக்கும் எதிர்ப்பொருள் சோதனை செய்ததில் இருவருக்கும் தொற்று இல்லை. தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாறு என்பதால் மகனுடைய முடிவு வரும் வரை அம்மையார் பட்ட பாடு பெரிது. மகளுக்கும் சோதனை தேவைப்பட்டது. அதற்காகவேனும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று, பேத்தியோடு வந்திருந்த ஒரு நோம்பி (பண்டிகை) நாளில் சொல்லியிருக்கிறார். "அதுக்காகத்தான் என்னையக் கூட்டிக்கிட்டு வரலியாம்மா?" என்று மகள் கேட்டதாகவும், பதில் சொல்ல முடியாமல் சீட்டையும் தாளையும் எடுத்து முன்னால் வைத்ததாகவும் சொன்னார். மகளுக்கும் தொற்று இல்லை.

2024 மாசியில், மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் எடுத்த ஆர்.என்.ஏ. சோதனையில் வைரஸ் இல்லை. அன்றே நாங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம்: இவர் சிகிச்சை முடித்துக் குணமடைந்தவர், எதிர்ப்பொருள் சோதனை இனி எப்போதும் 'ரியாக்டிவ்' என்றே வரும், தொற்று உண்டா என்று அறிய ஆர்.என்.ஏ. சோதனையையே பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் இருப்பதால் மீண்டும் தொற்றாது என்று பொருள் இல்லை என்பதையும், இதற்குத் தடுப்பூசி இல்லை என்பதையும் அவரிடம் சொன்னோம். பழைய மருத்துவமனையில் தங்கிவிட்ட கோப்பின் நகலையும் எழுத்து மூலம் கேட்கச் சொன்னோம். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் அதைத் தர வேண்டும். இந்த உரிமை தெரிந்தவர்கள் எங்கள் நோயர்களில் மிகச் சிலரே. இத்தகைய ஐயங்களைத் தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பங்குனியில் அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பை அறுவைக்குச் சேர்ந்தபோது, எதிர்பார்த்தபடியே எதிர்ப்பொருள் சோதனை மீண்டும் 'ரியாக்டிவ்' என்று வந்தது. ஆய்வகத்துப் பையன் சிவப்புப் பேனாவை எடுத்ததைப் பார்த்ததும், பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த கடிதத்தையும் ஆர்.என்.ஏ. முடிவையும் எடுத்து மேசைமேல் வைத்து, "இது பழசுங்க தம்பி, இதப் பாருங்க" என்று அவரே விளக்கினாராம். மறுநாள் காலை குறித்த நேரத்தில் அறுவை நடந்தது. நான்காக மடித்த அந்தப் பழைய சீட்டையும் அவர் அதே உறையில் பத்திரமாக வைத்திருக்கிறார். தூக்கிப் போட்டுவிடலாமே என்று நான் சொன்னதற்கு, தன்னார்வலர் அந்த ஊரில் இன்னொரு வீட்டில் இதைக் காட்டிப் பேசக் கேட்டிருப்பதாகச் சொன்னார்.